மகனைத் தேடும் தாயோடு எந்த வேதப்பகுதியை வாசிப்பது?

இரணைப்பாலைத் தம்பி எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். எங்கட அன்பியத்தில் (பங்கில் அயலவர் கூடிச் செபிக்கும் குழுவில்) ஒரு அம்மா இருக்கிறா. போர் முடிந்த 2009 மே 18 அன்று வட்டுவாகல் பாலத்தைக் கடந்து வந்தபோது, மகனைத் தன் கையாலேயே இராணுவத்திடம் ஒப்படைத்தவ. "பதிஞ்சுபோட்டு விட்டிடுவம்" என்று சொன்னார்களாம். பஸ்சில் ஏறின பிள்ளை திரும்பிப் பார்த்ததுதான் கடைசி. செட்டிகுளம் முகாமில் இருந்தபோதே தேடத் தொடங்கினா. பிறகு வந்த ஆணைக்குழுக்களுக்கு முன்னால் சாட்சி சொன்னா. இன்றைக்கும் படத்தோடு வீதியில் நிற்கிறா.

போன மாதக் கூட்டத்தில் யோபு முதலாம் அதிகாரம் வாசிப்பு. "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார்" என்ற இடம் வந்ததும் ஒருவர் அம்மாவின் பக்கம் திரும்பி, "இது உங்களுக்கான வசனம் அம்மா, இனியாவது மனசை ஆற்றுங்கோ" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். அம்மா எழும்பி, "ஆண்டவர் எடுக்கேல்லை ராசா. நான்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். ஆரிட்டக் குடுத்தனான் எண்டும் எனக்குத் தெரியும்" என்று சொல்லிப்போட்டுப் போயிட்டா. அதுக்குப் பிறகு கூட்டத்துக்கு வாறதில்லை. ஞாயிறு பூசைக்கு வந்து கடைசி வாங்கில் இருந்துவிட்டுப் போறா.

வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். தேத்தண்ணி தந்தா. கதைத்துக்கொண்டிருக்கேக்க என்னிடம் கேட்டா: "வேதத்தில என்னைப்போல ஆரும் இருக்கினமோ? இருந்தா அதை வாசிச்சுக் காட்டு. மற்றது எனக்கு வேண்டாம்."

அந்தக் கேள்வியை அப்படியே இங்கே வைக்கிறேன். சைவ ஆட்களும் சொல்லலாம். துக்கத்துக்குச் சமயம் பார்த்துப் பதில் தேடும் நிலையில் நான் இல்லை.


வவுனியா வாசகன் எழுதியது:

தம்பி, அம்மா சொன்ன பதிலுக்கும் யோபு நூலுக்கும் பகையில்லை. அந்த நூலில் 42 அதிகாரங்கள் உள்ளன. நாங்கள் முதல் இரண்டையும் கடைசி ஒன்றையும் வாசித்துவிட்டு யோபுவின் பொறுமை என்று பிரசங்கம் வைக்கிறோம். மூன்றாம் அதிகாரத்தில் இதே யோபு தான் பிறந்த நாளைச் சபிக்கிறார். அங்கிருந்து 31ஆம் அதிகாரம் வரை அவர் பேசுவது முழுக்க வழக்கு. என் குற்றம் என்ன, சொல்லும் என்று கடவுளையே கேட்கிறார். கடைசியில், இதோ என் கையொப்பம், எல்லாம் வல்லவர் எனக்குப் பதிலளிக்கட்டும் என்கிறார். ஆணைக்குழுவுக்கு முன்னால் சத்தியக்கடதாசியில் ஒப்பம் வைத்த ஒரு தாய்க்கு அந்த வரி விளங்கும். எங்களுக்குத்தான் விளக்கவுரை வேண்டும்.

முடிவில் கடவுள் கோபிப்பது யோபு மேல் அல்ல. 42ஆம் அதிகாரம் 7ஆம் வசனத்தைப் பாருங்கள். எலிப்பாசையும் மற்ற இரண்டு நண்பர்களையும்தான் கண்டிக்கிறார். என் ஊழியன் யோபு பேசியதுபோல் நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். நண்பர்கள் பேசியதெல்லாம் கடவுளுக்காக வாதாடிய பேச்சு. யோபு பேசியது முறைப்பாடு. சரி என்று ஏற்கப்பட்டது முறைப்பாடு.

அந்த நண்பர்கள் செய்த நல்ல காரியமும் ஒன்று இருக்கிறது. துன்பம் மிகப் பெரிது என்று கண்டு, ஏழு பகலும் ஏழு இரவும் ஒரு சொல்லும் சொல்லாமல் அவரோடு தரையில் இருந்தார்கள். விளக்கம் சொல்லத் தொடங்கியது அதற்குப் பிறகு. அன்பியத்தில் யோபு வாசிப்பதென்றால் இரண்டாம் அதிகாரத்தின் இந்தக் கடைசி வசனத்தோடு நிறுத்திவிட்டு, நீங்களும் அப்படியே இருக்கலாம்.


கிளி அக்கா எழுதியது:

நான் அந்த அம்மா இல்லை. அவவைப் போல ஒரு தாயின்ர மகள். அண்ணாவைத் தேடுறம். 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சி கந்தசாமி கோயிலடியில போராட்டம் தொடங்கின நாளில இருந்து அம்மா போனவ. இப்ப அவவுக்கு ஏலாது, நான் போறன். அந்தக் கொட்டிலுக்க அம்மாவோட இருந்த கன பேர் பிள்ளையின்ர முகம் காணாமலே கண்ணை மூடிட்டினம்.

வாசகன் அண்ணை சொன்னது சரி. ஆனா ஒண்டு. யோபுவுக்கு ஒரு மனுசி இருந்தவ. அந்தப் பத்துப் பிள்ளையளையும் பெத்தது அவ. அவவுக்கு அந்தப் புத்தகத்தில ஒரே ஒரு வசனம். அதிலயும் பேச்சு வாங்கிறா. அவ எங்க இருந்து அழுதா, ஆர் அவவோட இருந்தது, ஒண்டும் எழுதேல்லை. கடைசியில திரும்ப ஏழு பொடியன்களும் மூண்டு பெட்டையளும் பிறந்திச்சினம், எல்லாம் சரியாப் போச்சுது எண்டு பிரசங்கத்தில சொல்லுவினம். பிள்ளைக்குப் பிள்ளை மாத்து வைக்கேலுமே?


வவுனியா வாசகன் எழுதியது:

அக்கா, நீங்கள் கேட்டதற்கு அந்த நூலிலேயே ஒரு கணக்கு உண்டு. ஆடு 7000 இருந்தது 14000 ஆகிறது. ஒட்டகம் 3000 இருந்தது 6000 ஆகிறது. எருதும் கழுதையும் அப்படியே இரட்டிப்பு. பிள்ளைகள் மட்டும் இரட்டிப்பாகவில்லை. முன்பும் பத்து, பின்பும் பத்து. முதல் பத்துப் பிள்ளைகளும் கணக்கிலிருந்து எடுபடவில்லை, அவர்களையும் சேர்த்தே இரட்டிப்பு என்று பழைய உரைகாரர் சிலர் வாசித்தார்கள். நானும் அப்படித்தான் வாசிக்கிறேன். யோபுவின் மனைவியைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. அது அந்த நூலில் உள்ள குறைதான்.


மல்லாவியான் எழுதியது:

வணக்கம். நான் கேட்பது கொஞ்சம் கடினமான கேள்வி, ஆரும் கோவிக்க வேண்டாம். புலம்பல் ஆகமத்தை வன்னியில் பலரும் எடுத்து வாசிக்கிறார்கள். நாலாம் அதிகாரத்தில் குழந்தையின் நாக்கு தாகத்தால் மேல்வாயோடு ஒட்டிக்கொண்டது, பிள்ளைகள் அப்பம் கேட்கிறார்கள், கொடுப்பாரில்லை என்று இருக்கிறது. மாத்தளனிலும் முள்ளிவாய்க்காலிலும் பால்மா வரிசையில் நின்றவர்களுக்கு அதைப் படிக்கத் தொண்டை அடைக்கும். ஆனால் அதே புத்தகம் "நாங்கள் பாவம் செய்தோம், அதனால் வந்தது" என்றும் திரும்பத் திரும்பச் சொல்கிறது. முகாமில் இருந்த காலத்தில் வெளியிலிருந்து வந்த ஒரு பிரசங்கியார் இதை வைத்தே எங்களுக்குப் போதித்தார். சனம் தலை குனிந்து கேட்டது. எனக்கு அன்றைக்கு வந்த கோபம் இன்னும் போகவில்லை. இந்த நூலை எப்படி வாசிக்கிறது?


வவுனியா வாசகன் எழுதியது:

உங்கள் கோபம் நியாயமானது. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புலம்பல் ஐந்து பாடல்களின் தொகுப்பு. கிறிஸ்துவுக்கு முன் 6ஆம் நூற்றாண்டில் பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்டு அழித்த பிறகு, இடிபாட்டுக்குள் நின்று பாடியவை. அதில் பேசுவது ஒரு குரல் அல்ல. நகரமே ஒரு கைம்பெண்ணாகப் பேசுகிறது, பார்த்து நிற்பவர் பேசுகிறார், அடிபட்ட ஒரு மனிதர் பேசுகிறார், கடைசியில் எல்லாரும் சேர்ந்து பேசுகிறார்கள். "நாங்கள் பாவம் செய்தோம்" என்பது அந்தக் குரல்களில் உண்டு. "எங்கள் முன்னோர் பாவம் செய்தார்கள், அவர்கள் இல்லை, சுமப்பது நாங்கள்" என்பதும் உண்டு. இரண்டாம் பாடலிலோ, ஆண்டவரே பாரும், யாருக்கு இப்படிச் செய்தீர் என்று நேராகவே கேட்கிறது. தன் குற்றத்தைத் தானே சொல்வது வேறு. பசியோடு இருக்கும் சனத்துக்கு முன்னால் வயிறு நிறைந்த ஒருவர் வந்து, உன் குற்றம்தான் என்று சொல்வது வேறு. புலம்பலில் குற்றத்தை ஒப்புக்கொள்பவர்கள் இடிபாட்டுக்குள் இருந்தவர்கள். உங்களுக்குப் போதித்தவர் அங்கே இருந்தவர் அல்ல.

இயேசுவிடமும் இதே கேள்வி வந்தது. பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றிச் சொன்னபோது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள், இல்லை என்றார். சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரையும் தாமே எடுத்துச் சொல்லி, அதற்கும் இல்லை என்றார். பிறவியிலேயே பார்வையற்றவரைக் காட்டி, பாவம் செய்தது இவனா இவன் பெற்றோரா என்று சீடர்கள் கேட்டபோதும் இருவரும் இல்லை என்றார். மூன்று இடத்தில் இல்லை என்று சொன்னவரின் பெயரால் ஒருவர் வந்து ஆம் என்று சொன்னால், சனம் எழும்பிப் போகலாம். அந்த அம்மா எழும்பிப் போனதைப் போல.

இன்னொன்று. காலண்டரில் அச்சடிப்பது மூன்றாம் பாடலின் நடுவில் வரும் "கர்த்தருடைய கிருபை காலைதோறும் புதியது" என்ற இடத்தை. அது உண்மையான நம்பிக்கை, நான் அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அதே பாடலில் இருபது வசனம் தள்ளி, செபம் நுழையாதபடி மேகத்தால் உம்மை மூடிக்கொண்டீர் என்றும் வருகிறது. ஐந்து பாடலிலும் கடவுள் வாய் திறக்கவில்லை. நூல் முடிவதும் எங்களை முற்றாகத் தள்ளிவிட்டீரோ என்ற ஏக்கத்தில்தான். பதில் வராத முறைப்பாட்டைப் பதில் வராததாகவே வேதத்தில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அதற்கு நான் நன்றியுள்ளவன்.


பாண்டியன்குளம் ஊழியர் எழுதியது:

கர்த்தருக்குள் அன்பானவர்களே, நான் சிறிய சபை ஒன்றில் ஊழியம் செய்கிறேன். நீங்கள் எழுதியவற்றை ஆவலோடு வாசித்தேன். ஆனாலும் ஒரு பாரம் இருக்கிறது. புலம்பலையே வாசித்துக்கொண்டிருந்தால் அந்தத் தாய் எதைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு எழும்புவார்? எங்கள் சபையில் ஒரு தகப்பன் இருந்தார். மகன் காணாமற் போனவர். யோசேப்பின் கதை அவரைக் காத்தது. யாக்கோபு, மகன் செத்தான் என்று எத்தனையோ வருடம் அழுதார். ஆறுதலுக்கு இடங்கொடாமல், துக்கத்தோடே பாதாளத்தில் இறங்குவேன் என்றார். ஆனால் யோசேப்பு எகிப்தில் உயிரோடு இருந்தான். அந்தத் தகப்பன் அந்தப் பக்கத்தில் மகனின் படத்தை வைத்திருந்தார். சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கும் என்று ரோமர் 8:28 சொல்கிறது. அதை நாங்கள் மறைக்கக் கூடாது.


கிளி அக்கா எழுதியது:

ஊழியர் ஐயா, உங்களிலயும் அந்தத் தகப்பனிலயும் எனக்கு மரியாதை இருக்கு. அம்மாவும் அந்தக் கதையைக் கேட்டுத்தான் கன நாள் தாக்குப் பிடிச்சவ. ஆனா அந்த அதிகாரத்தைத் திரும்ப ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ. ஆதியாகமம் 37.

தமையன்மார் யோசேப்பைக் குழியில போட்டு, இருபது வெள்ளிக்காசுக்கு வித்துப்போட்டு, ஒரு ஆட்டைக் கொண்டு அங்கியை இரத்தத்தில தோய்ச்சு தகப்பனுக்கு அனுப்பினவை. "இதைக் கண்டெடுத்தம், உங்கட மகன்ர அங்கியோ பாருங்கோ" எண்டு கேட்டவை. செத்திட்டான் எண்டு அவை வாயால சொல்லேல்லை. சொன்னது தகப்பன். அவரைச் சொல்ல வைச்சது அவை. அதுக்குப் பிறகு வாற வசனம்தான் என்னை விடுறதில்லை. அவருடைய குமாரர் எல்லாரும் அவருக்கு ஆறுதல் சொல்ல எழும்பினவையாம். என்ன நடந்தது எண்டு தெரிஞ்சவைதான் ஆறுதல் சொல்ல வந்தவை! வித்த காசும் அவையின்ர கையில, உண்மையும் அவையின்ர வாயில. ஒருத்தரும் சொல்லேல்லை. அந்த ஆறுதலைத்தான் யாக்கோபு வேண்டாம் எண்டவர்.

எங்களுக்கு மரணச் சான்றிதழ் தாறம் எண்டினம். பிறகு காணாமற் போனதுக்கு ஒரு சான்றிதழ் தாறம் எண்டினம். 2016இல காணாமல் போனோர் அலுவலகத்துக்குச் சட்டம் வந்தது, பதிவு செய்யுங்கோ எண்டினம். நட்டஈடு எண்டினம். அதை வாங்கின சனத்தை நான் குறை சொல்லன், பசி இருக்கு, படிக்கிற பிள்ளையள் இருக்கு. ஆனா எங்கட அம்மா ஒண்டையும் வாங்கேல்லை. "குடுத்த ஆளுக்குத் தெரியாது, எடுத்த ஆளுக்குத் தெரியும். தெரிஞ்ச ஆள் வந்து உண்மையைச் சொல்லட்டும், பிறகு ஆறுதல் சொல்லட்டும்" எண்டுவா. அம்மா யாக்கோபுவைப் படிச்சுத்தான் இதைச் சொல்லுறா எண்டு இல்லை. ஆனா இரண்டும் ஒண்டுதான்.

யோசேப்பு உயிரோட இருந்தவர் எண்ட கடைசிப் பக்கத்தை மட்டும் எங்களுக்கு வாசிக்காதேங்கோ. ஆறுதலை மறுத்த பக்கத்தையும் வாசியுங்கோ.


பாண்டியன்குளம் ஊழியர் எழுதியது:

சகோதரி, அந்த வசனத்தை நான் பலமுறை வாசித்திருக்கிறேன், பிரசங்கித்தும் இருக்கிறேன். குமாரர் எழும்பி வந்ததை இந்த விதமாக யாரும் எனக்குக் காட்டவில்லை. நன்றி. ரோமர் 8:28 என் விசுவாசம், அதில் நிற்கிறேன். அதற்கு இரண்டு வசனம் முன்னால், எப்படி வேண்டிக்கொள்வது என்று நமக்குத் தெரியாதபோது ஆவியானவர்தாமே வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு வேண்டுதல் செய்கிறார் என்று இருக்கிறது. அந்த இரண்டு வசனத்தையும் பிரித்து வாசிக்கக் கூடாது.


மன்னார் குருமட மாணவன் எழுதியது:

அம்மாவின் கேள்விக்கு நேராக ஒரு பெயரைச் சொல்ல விரும்புகிறேன்: ரிஸ்பா. 2 சாமுவேல் 21ஆம் அதிகாரம். ஞாயிறு வாசகங்களில் இந்தப் பகுதி வராததால் பலருக்குத் தெரியாது.

தாவீதின் காலத்தில் மூன்று வருடப் பஞ்சம். சவுல் கிபியோனியரைக் கொன்ற பழி என்று சொல்லப்படுகிறது. கிபியோனியர், சவுலின் வழியில் வந்த ஏழு பேரைத் தாருங்கள் என்கிறார்கள். தாவீது எடுத்துக் கொடுக்கிறார். அதில் இரண்டு பேர் ரிஸ்பாவின் பிள்ளைகள். ஏழு பேரையும் மலையில் கொன்று தொங்கவிடுகிறார்கள். வாற்கோதுமை அறுவடை தொடங்கும் நாள் அது. அந்த நாட்டில் சித்திரை அளவு. ரிஸ்பா சாக்குத்துணியைப் பாறையில் விரித்து அங்கேயே இருக்கிறாள். மழை பெய்யும் வரை, பகலில் பறவைகளையும் இரவில் காட்டு விலங்குகளையும் அந்த உடல்களில் அண்ட விடவில்லை. மழைக்காலம் அங்கே ஐப்பசி அளவில்தான் தொடங்கும்.

அவள் பேசிய ஒரு வார்த்தைகூட அந்த அதிகாரத்தில் இல்லை. ஆனால் அவள் செய்தது அரசனின் காதுக்குப் போகிறது. தாவீது போய், சவுலின் எலும்புகளையும் யோனத்தானின் எலும்புகளையும் எடுத்துவந்து, இந்த ஏழு பேரின் எலும்புகளையும் சேர்த்து, முறைப்படி அடக்கம் செய்விக்கிறார். அதற்குப் பிறகுதான், நாட்டுக்காகச் செய்த வேண்டுதலைக் கடவுள் கேட்டார் என்று எழுதியிருக்கிறது. ஏழு பேரைக் கொன்றபோது அல்ல, அடக்கம் செய்த பிறகு. பஞ்சம் தீர்ந்ததை எதற்குப் பின்னால் எழுதியிருக்கிறார்கள் என்பதை நான் கவனமாக வாசிக்கிறேன்.

மன்னார் ஆயராக இருந்த இராயப்பு யோசேப்பு ஆண்டகை 2011 ஜனவரியில் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், அரச செயலகங்களின் சனத்தொகைப் பதிவையும் வெளியே வந்தவர்களின் தொகையையும் கழித்து, 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். 2021இல் அவர் இறக்கும் வரை அந்த எண்ணிக்கைக்குப் பதில் வரவில்லை. ரிஸ்பாவை வாசிக்கும்போது எனக்கு அவர் ஞாபகம் வரும்.


கிளி அக்கா எழுதியது:

தம்பி, நல்ல கதை. வாசிச்சு அழுதன். ஆனா ரிஸ்பாவுக்குக் காவல் இருக்க உடம்பு இருந்தது. அந்த அம்மாவுக்கு இல்லை. 2023 ஜூனில கொக்குத்தொடுவாயில தண்ணிக் குழாய் புதைக்கத் தோண்டேக்க எலும்பு வந்ததெல்லோ, அந்தச் செய்தி வந்த நாள் எங்கட வீட்டில அடுப்பு மூட்டேல்லை. அண்ணாவா இருக்கக் கூடாது எண்டு மன்றாடினம். அண்ணா எண்டாத் தெரியவேணும் எண்டும் மன்றாடினம். ஒரே வாயால.

அதால சொல்லுறன். ரிஸ்பாவை வாசிச்சா மகன் செத்திட்டான் எண்டு நீங்கள் அம்மாவுக்குச் சொன்ன மாதிரி. யோசேப்பை வாசிச்சா உயிரோட இருக்கிறான் எண்டு சொன்ன மாதிரி. இரண்டுமே உங்களுக்குத் தெரியாது. அவவுக்கும் தெரியாது. எந்தப் பக்கத்தைத் திறக்கிறது எண்டதை அவவிட்டயே விடுங்கோ.


ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

வணக்கம். நான் சைவம். பள்ளிக்கூடத்தில் சமயம் படிப்பிக்கிறேன். தம்பி எல்லாரையும் கூப்பிட்டபடியால் வருகிறேன்.

எங்கள் திருமுறையில் அழுகை நிறைய இருக்கிறது. நாங்கள்தான் அதைப் பண்ணோடு பாடி, அழுகை என்று தெரியாமலே கடந்துவிடுகிறோம். திருஞானசம்பந்தரின் மயிலாப்பூர்ப் பதிகத்தை எடுங்கள். சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு தீண்டி இறந்துபோகிறாள். தகப்பன் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்தில் வைத்துப் பாதுகாக்கிறார். பெரியபுராணம் இதைப் பைத்தியம் என்று சொல்லவில்லை. சம்பந்தர் வந்து அந்தக் குடத்தைப் பார்த்து என்ன பாடினார்? தத்துவம் பாடவில்லை. ஓணம் வருகிறது, கார்த்திகை விளக்கீடு வருகிறது, திருவாதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்தரம் என்று ஒவ்வொரு திருவிழாவாகச் சொல்லி, இதையெல்லாம் காணாமல் போகிறாயா என்று அந்தப் பிள்ளையையே கேட்கிறார். "விளக்கீடு காணாதே போதியோ பூம்பாவாய்." எங்கள் அம்மாமார் ஒப்பாரி வைப்பது இந்த அடைவில்தானே? பொங்கல் வந்தது நீ வரேல்லை, வற்றாப்பளைக்கு விளக்கு வைச்சாச்சு நீ வரேல்லை. வைகாசிப் பொங்கலுக்கு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் கடல் தண்ணீரில் விளக்கெரியும்போது, வருடா வருடம் இதே கேள்வியோடு எத்தனை தாய்மார் நிற்கிறார்கள் என்று பார்த்திருக்கிறேன். அந்த நாட்கள் மே 18ஐ ஒட்டி வருவதால் துக்கமும் திருவிழாவும் எங்களுக்கு ஒரே கிழமையில் வந்துவிடும் வருடங்களும் உண்டு.

அந்தக் கோயிலில் இருப்பவளும் நீதி கேட்டுப் போனவள். கோவலனைக் கொன்ற ஊரில் நின்று, சான்றோரும் உண்டுகொல், தெய்வமும் உண்டுகொல் என்று கேட்டவள். தெய்வம் உண்டா என்று கேட்டவளையே தெய்வமாக வைத்துக் கும்பிடும் ஊர் எங்களுடையது. அப்படிப்பட்ட ஊரில் ஒரு தாய் கேள்வி கேட்டால் அது விசுவாசக் குறைவு என்று எப்படிச் சொல்வது?

சுந்தரர் இன்னும் நேராகவே சொல்கிறார். எங்கள் திருக்கேதீச்சரத்தைப் பாடிய அதே சுந்தரர்தான். கண் பார்வை இழந்து திருவாரூருக்கு வந்து பாடுகிறார்: "ஆளாய் இருக்கும் அடியார் தங்கள் அல்லல் சொன்னக்கால் வாளாங்கு இருப்பீர், திருவாரூரீர், வாழ்ந்து போதீரே." நாங்கள் கஷ்டத்தைச் சொன்னால் சும்மா இருப்பீர், நல்லா வாழ்ந்து போங்கள். இறைவனைப் பார்த்துச் சொன்னது இது. ஏழாம் திருமுறையில் இருக்கிறது, கோயிலில் வைத்தே ஓதுகிறோம்.


ஸ்காபரோவில் இருந்து எழுதியது:

ரீச்சர், நான் பாண்டியன்குளம் பக்கத்தான், இப்ப கனடா. தம்பியைக் காணேல்லை. அந்தியேட்டி (செத்த ஆளுக்குச் செய்யிற கிரியை) செய்யாமல் விட்டது தோசம் எண்டு சொந்தத்துக்குள்ள ஒராள் ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் போன் எடுத்துச் சொல்லுறார். அம்மா மாட்டன் எண்டு நிக்கிறா. நாங்கள் என்ன செய்யிறது?


ஒட்டுசுட்டான் ரீச்சர் எழுதியது:

தம்பி, அம்மா மாட்டன் என்றால் செய்யாதீர்கள். பிள்ளை உயிரோடு இல்லை என்று அவவை ஒப்புக்கொள்ளச் செய்வதற்குக் கிரியையைப் பாவிக்கக் கூடாது. அவவுக்கு விருப்பமென்றால் அவன் பிறந்த நட்சத்திரத்தில் அருச்சனை செய்யுங்கள், அன்னதானம் கொடுங்கள். அதை உயிரோடு இருப்பவருக்கும் செய்யலாம், இல்லாதவரை நினைத்தும் செய்யலாம். போன் எடுக்கிற சொந்தக்காரருக்கு நீங்களே பதில் சொல்லுங்கள், அம்மாவிடம் விடாதீர்கள்.


முழங்காவில் ஐயா எழுதியது:

பிள்ளையள், தபசு காலத்தில நாங்கள் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கிறனாங்கள். யாக்கோமே கொன்சால்வேஸ் சுவாமி எழுதினது. அவர் கோவாவில இருந்து 1705இல இங்க வந்தவர், ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கின காலம். ஒளிச்சிருந்த சனத்துக்கு அழ ஒரு புத்தகம் எழுதிக் குடுத்திருக்கிறார். நாங்கள் இடம்பெயர்ந்து போகேக்க புத்தகம் எல்லாருட்டயும் இருக்கேல்லை. பொம்பிளையள் மனப்பாடமாச் சொல்லுவினம், அதோட ஒப்பாரியும் கலந்து வரும், எங்க பிரசங்கம் முடிஞ்சு எங்க தன்ர பிள்ளை தொடங்கிச்சுது எண்டு தெரியாது. சுவாமிமார் ஆரும் நிப்பாட்டினதில்லை.

வியாகுல மாதாவுக்கு ஏழு வியாகுலம். மூண்டாவது என்ன? பன்னிரண்டு வயசுப் பிள்ளையைக் காணாமல் மூண்டு நாள் தேடினது. பிள்ளை கிடைச்சிட்டுது. கிடைச்ச பிறகும் திருச்சபை அதை வியாகுலக் கணக்கில இருந்து எடுக்கேல்லை. மூண்டு நாள் தேடினதே ஒரு வாள் எண்டால், இந்த அம்மா தேடினதை என்னெண்டு சொல்லுறது? கண்ட உடன மாதா கேட்டதும் "மகனே, ஏன் எங்களுக்கு இப்படிச் செய்தாய்" எண்டுதான். லூக்கா 2:48. மாதாவே கேட்டவ.

தம்பி, அந்த அம்மா கேட்ட ஆள் மாதாதான் எண்டு நான் நினைக்கிறன். ஆனா கிளிப் பிள்ளை சொன்னதுதான் சரி. அவவே எடுக்கட்டும்.


இரணைப்பாலைத் தம்பி எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. நீங்கள் எழுதினதை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு அம்மாவிட்டப் போனேன். எல்லாத்தையும் வாசிக்கவில்லை. யாக்கோபு, ரிஸ்பா, மாதா, பூம்பாவையின் தகப்பன், ஒவ்வொருவரும் ஆர், அவைக்கு என்ன நடந்தது என்று மட்டும் கதையாகச் சொன்னேன். எது வேணும் அம்மா என்று கேட்டேன்.

தமையன்மார் ஆறுதல் சொல்ல எழும்பின இடத்தை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னா. ரிஸ்பாவைப் பற்றி, "அந்தப் பொம்பிளைக்குச் சாப்பாடு ஆர் குடுத்தது?" என்று கேட்டா. வேதத்தில் அது இல்லை அம்மா என்றேன். "ஆரோ குடுத்திருப்பினம். அதுகளையும் எழுதியிருக்கலாம்" என்றா. பூம்பாவை கதையை முழுக்கக் கேட்டா. பக்கத்து வீட்டுச் சைவ அக்காவைக் கூப்பிட்டு அந்தப் பாட்டைப் பாடச் சொல்லிக் கேட்கப் போறாவாம்.

கூட்டத்துக்கு வாறன் என்று சொல்லவில்லை. ஆனால் கூட்டத்தைத் தன் வீட்டில் வைக்கலாம் என்றா. வாறவர்கள் முதலில் படத்துக்கு முன்னால் இருக்கவேணும், பிறகு வாசிக்கலாம், வாசிச்ச பிறகு ஆரும் புத்தி சொல்லக் கூடாது. இதுதான் அவவின் நிபந்தனை. பாதரிடம் கேட்டேன், சரி என்றார். அன்றைக்கு வசனம் சொன்னவரிடமும் சொன்னேன். வருவேன் என்றார்.

முதல் வாசிப்புக்கு அவ எதையும் தெரிவு செய்யவில்லை, "நீ பார்த்து எடு" என்றா. செத்தான் என்றோ இருக்கிறான் என்றோ சொல்லாத ஒரு பகுதி வேணும். என்ன எடுக்கலாம்?


வவுனியா வாசகன் எழுதியது:

திருப்பாடல் 88. நோயா, சிறையா, இழப்பா என்று அது திட்டமாகச் சொல்லாது. பகலிலும் இரவிலும் கூப்பிடுகிறேன் என்று தொடங்கி, இருளோடு முடிகிறது. மற்ற முறைப்பாட்டுப் பாடல்கள் பெரும்பாலும் கடைசியில் புகழ்ச்சிக்குத் திரும்பும். இது திரும்பாது. 150 பாடல்களில் இது ஒன்றே இப்படி முழுக்க இருளில் நிற்கிறது. நீளமும் அதிகமில்லை, 18 வசனம். கூட்டம் புதிதென்றால் 13ஆம் பாடலும் நல்லது, "எவ்வளவு காலம்" என்று நாலு தரம் கேட்கிறது. ஆனால் அது நம்பிக்கையில் முடியும். அம்மாவின் நிபந்தனையைப் பார்த்தால் 88தான் பொருத்தம்.


பாண்டியன்குளம் ஊழியர் எழுதியது:

சகோதரனே, நானும் அதையே சொல்வேன். ஒரு வேண்டுகோள்: வாசித்து முடித்ததும் வழக்கப்படி பாட்டு ஒன்றைத் தொடங்க யாராவது வாயெடுப்பார்கள். முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எங்கள் சபையிலிருந்து இரண்டு தாய்மார் வர விரும்புகிறார்கள், அவர்களும் பிள்ளைகளைத் தேடுகிறவர்கள். அந்த அம்மாவிடம் கேட்டு, சம்மதம் என்றால் நாளையும் நேரத்தையும் எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். நான் கொண்டுவந்து விட்டுவிட்டு வெளியில் நிற்பேன்.


இரணைப்பாலைத் தம்பி எழுதியது:

கேட்டேன் ஐயா. வரச் சொன்னா. படங்களையும் கொண்டு வரட்டாம். நீங்களும் உள்ளுக்க வந்து இருங்கோ என்றும் சொன்னா. நேரத்தை அனுப்பியிருக்கிறேன்.